மரப்பட்டியும் மரப்பெட்டியும்

1983-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணிக்குக் காவல் நிலையத்தில் சொல்ல, எழுதப்பட்டது. சொன்னவருக்குப் பேச்சு தமிழ் என்பதால், தமிழ் எழுதத் தெரிந்த சித்தூர்க்காரர் ஹெட் கான்ஸ்டபிள் வெங்கிடாசலம் எழுதினார்.

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி, நீங்கள் கேட்டு, எனக்கு மானம் போக வேண்டாம். நான் ஒன்றரை மாதம் ஒரு மிருகத்தின் மூத்திரத்துக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறேன். பெயரும் வயதும் வருவதற்கு முன் இதை எழுத முடியாது என்று ஹெட் கான்ஸ்டபிள் சொன்னார். ஆனால் எழுதிவிட்டார். ஆகையால் இதை இங்கே நிறுத்திப் பெயர் சொல்கிறேன்.

என் பெயர் காளியம்மை. வயது நாற்பத்தாறு. ரேஷன் கார்டில் நாற்பத்தொன்பது என்று இருப்பது என் மாமியார் சொல்லி எழுதியது. அதை நம்ப வேண்டாம். கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வில்லை ஒடித்தவர், சீதையின் வீட்டுக்காரர் என்று சொன்னேன். ராமர் என்று எழுதிக்கொண்டார். அவருக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. எங்கள் வீடு மட்டாஞ்சேரியில் தோட்டுக்கரையில், அதாவது வாய்க்கால் ஓரத்தில், லைன் வீட்டில் நாலாவது கதவு. படிப்பு இரண்டாம் வகுப்பு வரை, அதிலும் மழைக்காலத்தில் போகவில்லை. பஜாரில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் பதினெட்டு வருடமாகச் சுக்குப் புடைத்துத் தரம் பிரிக்கிறேன்.

கிடங்கின் மச்சில் இருந்த மரப்பெட்டி ஒன்றைத் திருடினேன் என்று என்மேல் புகார். பெட்டியை எடுத்தது நான்தான். அது பத்திரமாக இருக்கிறது. அதற்குள் ஒரு குட்டி இருக்கிறது. இன்று இருட்டுகிற நேரத்தில் அதன் தாய் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன் பெட்டியைத் தூக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தால் தாய்க்கு வழி தெரியாது, குட்டி சாகும். பெட்டி எங்கே என்று சொல்கிறேன். ஆனால் ஆறு மணிக்குத்தான் சொல்வேன். அதுவரைக்கும் சொல்ல எனக்கு வேறு நிறைய இருக்கிறது.

நடந்ததை வரிசையாக, ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும் என்று ஹெட் கான்ஸ்டபிள் சொன்னார். சரி என்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிடங்கு வாசலைப் பெருக்கும்போது, இரண்டு பேர் கழுத்தில் இரட்டைக்குழல் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு கூரையையே பார்த்து நின்றார்கள். ஒருவர் சிவராமகிருஷ்ணன், வங்கியில் கிளார்க். மற்றவர் கமலாக்ஷி டீச்சர், திருப்பூணித்துறையில் இருந்து பஸ்ஸும் படகும் மாறி வருகிறவர். பறவையும் மிருகமும் பார்த்துக் கணக்கெடுக்கிற ஒரு சங்கத்தில் இருவரும் இருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. இந்த வேலைக்கு அவர்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, ஞாயிறு தவறினால் யாரும் திட்டுவதுமில்லை, ஆனாலும் தவறுவதில்லை. அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டால் இல்லை. ஆகப்போகிறதா என்று கேட்டால் சார் உடனே குழலைக் கண்ணில் வைத்துக்கொள்வார். இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஹெட் கான்ஸ்டபிள் சொன்னார். எனக்குத் தேவை என்று நான் சொன்னேன்.

அன்றைக்கு நான் அவர்களிடம், “எந்தா சாரே, மேலே என்னத்தத் தொலைச்சீங்க?” என்று கேட்டேன்.

“உங்க கிடங்கில ஒரு கூகை இருக்காக்கும். பார்த்திருக்கேளா?” என்றார் சார்.

“பகல் பூரா தூங்குமே, அதா? ரெண்டு இருக்கு சாரே. ஒண்ணு ஓட்டுக்கடியில, ஒண்ணு மேனேஜர் நாற்காலியில.”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சார் சிரிக்காமல் நோட்டில் கூகை ஒன்று என்று எழுதி, பக்கத்தில் ‘காளியம்மை சொன்னது’ என்றும் எழுதிக் காட்டினார். மேனேஜரை எழுதவில்லை. ரேஷன் கார்டையும் கிடங்கு ரிஜிஸ்டரையும் விட்டால் என் பெயரை ஒருவர் எழுதியது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு கிடங்கில் உடும்பு வந்தாலும் வௌவால் தொங்கினாலும் நான் அவர்களிடம் சொல்வேன். அடிக்க வருகிற மற்றப் பெண்களிடம், இது கணக்கில் எழுதின வௌவால், தொட்டால் கேள்வி வரும் என்று சொல்லித் தடுப்பேன்.

இனி அந்த வெட்கக்கேடு. என் மகள் கங்காவை ஆலுவாவில் கட்டிக் கொடுத்திருக்கிறது. போன வருடம் ஏழாம் மாதத்தில் அவளுக்கு ஒன்று தங்கவில்லை. இப்போது எட்டாம் மாதம். இந்த ஜனவரி ஆரம்பத்தில் கிடங்கின் மச்சில் இருந்து புது அரிசி வடிக்கிற வாசனை வர ஆரம்பித்தது. சுக்கும் மிளகும் மூக்கைப் பொசுக்குகிற இடம் அது. அங்கே அடுப்பு கிடையாது. கூட வேலை செய்கிற பெண்கள் யட்சி என்று பயந்தார்கள். யட்சி என்றால் பாலைப்பூ வாசனைதான் வரும், சோறு வடிக்கிறவள் அன்னபூரணியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அதன் பிறகு தினமும் மத்தியானம் ஏணியில் ஏறி, தகர மூடியில் ஒரு துண்டு கற்பூரம் கொளுத்தி, ஒரு பாளையங்கோடன் பழம் வைத்து, கங்காவுக்கு ஒன்று நல்லபடியாகக் கொடு தாயே என்று கேட்டுவிட்டு இறங்குவேன். மறுநாள் பழம் இருக்காது. எனக்குப் பக்தி ஏறியது. ஒருநாள் பழம் வைத்த இடத்தில் பளபளவென்று ஏழெட்டுக் கொட்டைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரசாதம் என்று எடுத்துக் கழுவி வீட்டில் சாமி மாடத்தில் வைத்தேன்.

இந்த மாதம் 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இதை நான் சாரிடமும் டீச்சரிடமும் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் மெதுவாக, “காளியம்மை, அந்தக் கொட்டையெல்லாம் ஈச்சங்கொட்டை மாதிரிச் சின்னதா இருக்குமோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அது மரப்பட்டியாக்கும். அந்தச் சோத்து வாசனையும் அதோட மூத்திரத்தோடதுதான். பழம் தின்னுட்டுக் கொட்டையை முழுசா வெளிக்குப் போயிடும்.”

“அப்ப சாமி மாடத்துல இருக்கறது?”

சார் குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

மரப்பட்டி என்பது பூனை அளவில் கருப்பாக, நீள வாலோடு, கூரையிலும் மரத்திலும் இருக்கிற பிராணி. இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற பெயர் அது. தமிழ்நாட்டில் இதையே மரநாய் என்பார்களாம். இந்தப் பெயரால்தான் நான் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாக வருகிறேன்.

19-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் மேனேஜர் பிச்சுமணி எங்களைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வண்டு சாக மருந்து வைக்கப்போகிறோம், கதவு ஜன்னலெல்லாம் ஒட்டி மூன்று நாள் மூடிவைப்போம், யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். அந்த மருந்துக்கு வண்டு மட்டும் என்ற கணக்குக் கிடையாது; போன தடவை அள்ளிப் போட்டதில் எலி, பல்லி, ஒரு பூனை எல்லாம் இருந்தது. நான் மத்தியானம் கற்பூரம் இல்லாமல் டார்ச் எடுத்துக்கொண்டு மச்சில் ஏறினேன். மூலையில் மூடி உடைந்த ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. அதற்குள் தாய் சுருண்டு படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டி, ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்து, மூன்று குட்டிகள். கண் திறந்து நாளாகியிருக்காது. நான் ஒன்றரை மாதமாகக் கேட்டது ஒன்று. அங்கே மூன்று இருந்தது. இதை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் தாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் டார்ச்சை அணைத்துவிட்டு இறங்கினேன்.

அதன் பிறகு முக்குச் சாயாக்கடைக்குப் போய் அங்கிருந்த போனில் சாருடைய வங்கிக்குப் பேசினேன். லைன் சரியில்லாததால் கத்த வேண்டியிருந்தது. நான் கத்தியது இது: “சாரே, மரப்பட்டி கிடைச்சாச்சு! உள்ளே மூணு உருப்படி இருக்கு! திங்கக்கிழமைக்குள்ள வெளியே கடத்தணும்! ஞாயித்துக்கிழமை மேனேஜர் வரமாட்டார், நீங்க சாக்கும் கயிறும் மட்டும் கொண்டாந்தாப் போதும்!”

மேனேஜர் பிச்சுமணி எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. அவர் கும்பகோணத்தில் இருந்து இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவர் காதில் விழுந்தது மரப்பெட்டி. சாயங்காலம் கீழே இருந்த பெட்டிகளையெல்லாம் இரண்டு தடவை எண்ணினாராம், குறையவில்லையாம், நிம்மதியாக வீட்டுக்குப் போனாராம். மச்சில் ஏறி அவர் எண்ணவில்லை. யட்சி இருக்கிறது என்று பெண்கள் சொன்னதை அவரும் கேட்டிருந்தார்.

20-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு சாரும் டீச்சரும் வந்தார்கள். ஞாயிறு பெருக்குகிற முறை என்னுடையது என்பதால் பின்கதவுச் சாவி என்னிடம் இருந்தது. குட்டிகளைக் கையால் தொடக்கூடாது, பக்கத்தில் பேசவும் கூடாது என்று டீச்சர் சொன்னார்; இரண்டாவதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். போன வருடம் கங்காவின் பிள்ளைக்கு என்று தைத்து, போட ஆள் இல்லாமல் வீட்டில் மடித்து வைத்திருந்த ஒரு சின்னத் துணியைக் குட்டிகளுக்கு விரிக்கலாம் என்று கொண்டு போயிருந்தேன். மனுஷ வாசனை பட்டால் தாய் சந்தேகப்படும் என்று டீச்சர் சொன்னார். நான் அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்; இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் ஏறினவுடன் தாய் துள்ளி உத்தரத்தில் ஓடி, ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போய், அங்கிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. அதன் பிறகு பெட்டியின் மேல் சாக்கைப் போட்டுக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினோம். பெட்டியைத் தூக்கியது நான். சார் ஒரு மூலையைப் பிடித்தார். அந்த மூலையில் கனமே இல்லை. ஆகையால் அவரை வழக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அதன் பிறகு தாய் வந்து குட்டிகளை எடுக்கக்கூடிய ஒரு இடத்தில் பெட்டியை உயரத்தில் வைத்தோம். ஏணியில் ஏறி வைத்தது சார். டீச்சர் ஏணியைப் பிடித்தார். ஏணி ஆடியதும் சாருடைய காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“சாரே, பார்த்து இறங்குங்க. டீச்சர் பிடிச்சா விடற ஆள் இல்ல” என்றேன்.

“காளியம்மை, சித்தநாழி பேசாம இருக்கப்படாதோ!” என்றார் டீச்சர். ஆனால் காலை விடவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் தள்ளி மறைவில் உட்கார்ந்தோம். ஆறு நாற்பதுக்குத் தாய் வந்தது. பெட்டியை நாலு பக்கமும் முகர்ந்தது. ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலமும் அதேபோல ஒன்று. ஒரு சாயங்காலத்துக்கு ஏன் ஒன்றை மட்டும் தூக்குகிறது என்று சாரிடம் கேட்டேன். “தெரியலை காளியம்மை, எனக்கு நிஜமாவே தெரியலை” என்றார். படித்தவர் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான். பாக்கி ஒரு குட்டி.

திங்கட்கிழமை காலையில் மருந்து வைக்க வந்த ஆள் மச்சில் ஏறி, தூசிக்கு நடுவில் பெட்டி இருந்த தடம் மட்டும் சதுரமாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். மேனேஜருக்கு அப்போது சாயாக்கடையில் கேட்டது ஞாபகம் வந்தது. பெட்டியில் விலை கூடின ஜாதிபத்திரி இருந்திருக்கலாம் என்று புகார் எழுதிக் கொடுத்தார். இன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். கலூரில் பந்தோபஸ்துக்குப் போகிற எஸ்.ஐ., தான் திரும்புவதற்குள் களவுபோன பெட்டி ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்று ஹெட் கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மேனேஜரையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரித்தார்கள்.

“நீதானே போன்ல மரப்பெட்டி கெடச்சாச்சுன்னு கத்தினே? என் ரெண்டு காதாலயும் கேட்டேன்” என்றார் மேனேஜர்.

“பெட்டி இல்ல சாரே, பட்டி. மரப்பட்டி!”

“பட்டியா? அது எந்தப் பட்டி? மதுரைப் பக்கமா?”

“ஊர் இல்ல சாரே. இங்கே பட்டின்னா நாய்.”

“நாயா? மரத்தால பண்ணின நாயா?”

ஹெட் கான்ஸ்டபிள் ‘மரத்தால் செய்த நாய் ஒன்று’ என்று எழுதி, அதை அடித்தார். அதன் பிறகு நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் மேனேஜருக்கும் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்ப நீ பெட்டியை எடுக்கலைன்னு சொல்றியா?” என்று கேட்டார். பெட்டியையும் எடுத்தேன் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது மணி ஐந்து பத்து. எஸ்.ஐ. எந்த நேரமும் வரலாம். பெட்டி எங்கே என்று ஹெட் கான்ஸ்டபிள் கேட்டார். ஆறு மணி என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி மை ஊற்ற எழுந்து போனார். பேனாவில் பாதிக்கு மேல் மை இருந்ததை நான் பார்த்தேன். வந்து உட்கார்ந்து, பாளையங்கோடன் என்பதற்கு எந்த ளகரம் என்று கேட்டார். இரண்டாம் வகுப்புக்காரியிடம் கேட்கிறீர்களே என்றேன். சாயா வரவழைத்தார், எனக்கும் ஒன்று. கங்காவுக்கு எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம் என்று கேட்டார். அது வழக்குக்குத் தேவையா என்று நான் கேட்டேன். எழுதினதை முதலில் இருந்து ஒரு தடவை மெதுவாக வாசித்தார். வாசித்து முடிக்கும்போது மணி ஆறு அடித்தது.

இதற்குக் கீழே உள்ளது இன்று இரவு ஏழே முக்கால் மணிக்கு ஸ்டேஷனில் எழுதியது.

ஆறு மணிக்கு நான் இடத்தைச் சொன்னேன். கிடங்கின் பின்சுவரை ஒட்டி, பாழ்வளப்பு என்று இங்கே சொல்கிற காலி மனையில் நிற்கிற மாமரத்தின் கவட்டில், கூரையில் இருந்து நாலு முழ தூரத்தில், கயிற்றால் கட்டிப் பெட்டி இருந்தது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மேலே பார்த்தால் தெரியும். அவர் மேலே பார்க்கிற ஆள் இல்லை. ஹெட் கான்ஸ்டபிளும் மேனேஜரும் நானும் நடந்தே போனோம். மரத்தடியில் சாரும் டீச்சரும் காவல் இருந்தார்கள். போலீஸைப் பார்த்ததும் சார் எழுந்து, “பெட்டியை எடுத்தது நானாக்கும். காளியம்மைக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். சார் பொய் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னேன்.

காக்கைகள் அடைய வருகிற நேரம். நாலைந்து காக்கைகள் குட்டியைக் கண்டுவிட்டு மரத்தைச் சுற்றிக் கத்தின. ஒன்று பெட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்தது. டீச்சர் கையைத் தட்டினார், போகவில்லை. பெட்டிக்கு இப்போது மூடி கிடையாது. சாக்கைத் தாய் ஞாயிற்றுக்கிழமையே தள்ளிவிட்டிருந்தது. ஹெட் கான்ஸ்டபிள் ஏணியில் ஏறினார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு தன் தொப்பியைக் கழற்றிக் குட்டியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கி வந்தார். எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்தோம். மேனேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆறு நாற்பத்திரண்டுக்குத் தாய் கூரையில் இருந்து கிளைக்கு வந்தது. மேனேஜர் மூச்சை இழுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். தாய் பெட்டியை முகர்ந்தது. தொப்பியை முகர்ந்தது. அதை மூக்கால் தள்ளியது. தொப்பி கீழே விழுந்தது. மூன்றாவது குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு, வந்த வழியே போகாமல், மாமரத்தில் இருந்து பக்கத்து வளப்புப் பலாமரத்துக்குத் தாவிப் போய்விட்டது. யாரும் பேசவில்லை. நான்கூட. சுக்கு வாசனைக்கு மேலே அந்தப் புது அரிசி வாசனை கொஞ்ச நேரம் நின்றது. மேனேஜர் மெதுவாக, “உங்க பொண்ணுக்கும் நல்லபடியா ஆகும்” என்றார். எட்டு மாதத்தில் அவர் என்னை மரியாதையாகப் பேசியது அதுதான் முதல். நான் இடுப்பில் இருந்த துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சார் நோட்டை எடுத்து நேரத்தையும் குட்டியையும் எழுதினார். பக்கத்தில் யார் சொன்னது என்று எழுதும் இடத்தில், நான்கு பேர் பெயரையும் ஹெட் கான்ஸ்டபிள் பெயரையும் எழுதினார்.

அதன் பிறகு பெட்டியை இறக்கி, உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லோரும் பார்த்து, மேனேஜர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

நான் சொன்னது எதுவும் கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை; எனக்கு வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன், எல்லாம் நடந்தது நடந்தபடிதான். கைநாட்டு வேண்டாம், என் பெயரில் முதல் இரண்டு எழுத்து எனக்கு எழுதத் தெரியும்.

காளி

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்று ஹெட் கான்ஸ்டபிள் சொன்னார். ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னது அவர்தான் என்று நான் ஞாபகப்படுத்தினேன். எழுதுகிறார்.

பெட்டியை இறக்கி வைத்த அதே நேரத்தில் எஸ்.ஐ.யின் ஜீப் வளப்பு வாசலில் வந்து நின்றது. கீழே கிடந்த தொப்பியை டீச்சர் எடுத்துக் கொடுத்தார். ஹெட் கான்ஸ்டபிள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு சல்யூட் அடித்தார். தொப்பி உள்பக்கம் ஈரமாக இருந்தது. ஈரம் அவருடைய நெற்றி வழியாக இறங்கி மீசைக்கு வந்தது. எஸ்.ஐ. இரண்டு தடவை மூச்சை இழுத்துவிட்டு, இந்தப் பாழ்வளப்பில் இந்நேரத்துக்கு யார் சோறு வடிக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் வடிக்கவில்லை என்று ஹெட் கான்ஸ்டபிள் பதில் சொன்னார்.

காளி